முன்விளக்கின் மஞ்சள் நோய்

மோட்டார் வண்டிக்கு வயது சென்றால் அதன் அறிகுறிகள் பலவாறாக வெளிப்படும். இயந்திரம் இருமும், கதவு முனகும், இருக்கைத் துணி நைந்து கிழியும். இவற்றையெல்லாம் வண்டிக்குரியவர் உடனே அறிந்து கராஜுக்குக் கொண்டுசெல்வர். ஆனால், ஓசையின்றி வந்து சேரும் மூப்பு ஒன்றும் உண்டு. முன்விளக்கின் முகப்பு மெல்ல மெல்ல மஞ்சளித்து, புகை படிந்த லாந்தர்ச் சிமினிபோல் ஆகிவிடுவதே அது. அதனை நோயென எண்ணுவோர் சிலரே. பழைய வண்டிக்கு அதுவே இயல்பான நிறம் என்று விட்டுவிடுவோர் பலர். அம்மஞ்சளின் காரணத்தையும், வீட்டிலேயே அதனைப் போக்கும் வழியையும், போக்கியபின் கட்டாயம் செய்யவேண்டியதாயிருந்தும் பெரும்பாலோர் செய்யாது விடுகின்ற ஒரு காரியத்தையும் இவ்வாரம் நேயர்களுடன் ஆராய்வோம்.

வந்தாறுமூலைத் தெருவிலே

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி வந்தாறுமூலையை ஊடறுத்து, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை என நீண்டு செல்கின்றது. பதுளையிலிருந்து இறங்கிவரும் வீதியும் செங்கலடிச் சந்தியிலேயே இதனுடன் கலக்கின்றது. 1981ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடமும் வந்தாறுமூலையிலேயே இத்தெருவை அடுத்து அமைந்துள்ளது. ஆகவே, விரிவுரை முடிந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்பும் மாணவர், வட்டையிலிருந்து வீடு செல்லும் வேளாளர், கடை கட்டிப் புறப்படும் வியாபாரி ஆகிய யாவரும் அந்திப் பொழுதில் இந்த ஒரே தெருவையே பங்கிட்டுக்கொள்கின்றனர்.

மனிதர் மட்டுமா? எருமைத் தயிருக்குப் பேர்போன நாடு இது. தாரிட்ட தெரு பகலிலே உண்ட வெயிலை இரவிலும் சிறிது நேரம் வைத்திருக்கும். அந்தச் சூட்டை நாடி மாடுகள் தெருவிலேயே படுத்துவிடும். கரிய தாரின்மேல் கரிய எருமை படுத்திருந்தால், நல்ல விளக்குள்ள சாரதிக்கே அது கிட்டச் சென்ற பின்னர்தான் புலப்படும். வெள்ளாமை வெட்டுக் காலத்திலோ, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் தெருவோரத்திற் காயப்போட்ட நெல்லும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய தெருவிலே மங்கிய விளக்குடன் வண்டி ஓட்டுவது, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமமாகும்.

இந்நோய் இன்று பெருகியிருப்பதற்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. திறந்தபோதும் வரியும் விலையும் சாமானியர் கைக்கு எட்டக்கூடியனவாக இல்லை. ஆதலால், பத்தும் பதினைந்தும் ஆண்டு சென்ற வண்டிகளையே பேணி ஓட்டவேண்டிய நிலையிற் குடும்பங்கள் பல இருக்கின்றன. புதிய விளக்குக் கூடு வாங்குவதும் எளிய செலவன்று.

கண்ணின் மேற் பழி

முன்விளக்கு ஓரிரவில் மங்குவதில்லை. நாளுக்கு நாள் அணுவளவாகக் குறைவதால், தினமும் அதே வண்டியை ஓட்டுபவருக்குக் குறைவு தோன்றுவதே இல்லை. "இப்போதெல்லாம் இராவிலே ஓட்டக் கண் தெரியுதில்லை" என்று வயது சென்றவர்கள் தம் கண்ணின்மேற் பழி போடுவர். கண்ணைச் சோதிப்பது நன்றே; ஆனால், வண்டியின் கண்ணையும் ஒருமுறை சோதிக்கவேண்டாமா?

மங்கலின் அளவு எவ்வளவு என்பதை அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் சோதித்து 2018இல் வெளியிட்டது. மஞ்சளித்து மங்கிய விளக்குகள், தாழ்கற்றையிலே புதிய விளக்கு தரும் ஒளியில் ஏறத்தாழ 20 வீதத்தையே தந்தன என்பது அச்சோதனையின் முடிவு. அவற்றைத் தேய்த்துச் சீர்செய்தபோது ஒளி ஏறத்தாழ 70 வீதத்துக்கு உயர்ந்தது.

இவ்விலக்கங்கள் தெருவிலே எவ்வாறு பொருள்படும் என்பதை மாணவத் தம்பி தங்கையர் ஒரு சிறு கணக்காற் கண்டுகொள்ளலாம். ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்று பௌதிகத்திற் படித்திருப்பீர்கள். உண்மையான விளக்கின் கற்றை இந்த எளிய விதிக்குள் முற்றாக அடங்காதெனினும், நிலைமையை உணர இவ்விதி போதும். ஒளி ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே தெளிவுடன் காணக்கூடிய தூரம் 0.2இன் வர்க்கமூலத்தால், அதாவது 0.45ஆற் பெருக்கப்படும். புதிய விளக்கில் 60 மீற்றரிற் கண்ட எருமையை, மங்கிய விளக்கில் 27 மீற்றரிலேயே காண்போம்.

இனி, வண்டியின் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். தடையைக் கண்டு, உணர்ந்து, பிறேக்கில் காலை வைப்பதற்கு ஒன்றரைச் செக்கன் என்றால், அதற்குள்ளேயே 25 மீற்றர் கடந்துவிடும். காய்ந்த நல்ல தெருவிற் பிறேக் பிடித்து வண்டி நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். மொத்தம் 45 மீற்றர். மங்கிய விளக்குடையவர் 27 மீற்றரிற் கண்டாரானால், அவர் பிறேக்கை மிதிக்கும் கணத்திலே எருமைக்கும் வண்டிக்கும் இடையே எஞ்சியிருப்பது 2 மீற்றரே. விளக்கைச் சீர்செய்து ஒளி 70 வீதத்துக்கு உயர்ந்தாற் காணும் தூரம் 50 மீற்றராகும். வண்டி 5 மீற்றர் முன்னதாகவே நின்றுவிடும். ஒரு பிற்பகல் வேலையால் வரும் வேறுபாடு இது. அதுவரையில் அந்த விளக்குடன் ஓடவேண்டியிருப்பின், 40 கிலோமீற்றருக்கு மேற் செல்லாதிருப்பதே அறிவுடைமை.

இன்னொரு கேடும் உண்டு. மங்கிய முகப்பு ஒளியைத் தடுப்பதோடு, எஞ்சிய ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும். தம் பாதையிலே விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணிலே விழுகின்றது. தாமும் காணாமல், எதிரியையும் காணவிடாமற் செய்யும் விளக்கு அது.

கண்ணாடி போய்ப் பிளாஸ்ரிக் வந்த கதை

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை இன்றும் சிலர் பேணி வைத்திருக்கின்றனர். அவற்றின் வட்ட விளக்குகள் மஞ்சளிப்பதில்லை. ஏனெனில் அவற்றின் முகப்பு உண்மைக் கண்ணாடி. இன்றைய விளக்கின் முகப்போ பொலிகாபனேற்று எனும் ஒருவகைப் பிளாஸ்ரிக். 1953ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பாயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹேர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டானியல் பொக்ஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே இப்பொருளைக் கண்டுபிடித்தனர். அமெரிக்காவில் 1983இல் விளக்கு விதி தளர்த்தப்பட்டதும், 1984ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் கார் ஒன்று இப்புதுவகை முகப்புடன் வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் இதுவே வழக்காயிற்று.

இம்மாற்றத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. பொலிகாபனேற்றுக் கண்ணாடியைவிடப் பாரம் குறைந்தது. கல் பட்டாற் சிதறாது. வண்டியின் முகத்துக்கு ஏற்ப எவ்வாறும் வளைத்து வார்க்கலாம். ஆயினும் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, எளிதிற் கீறல் விழும். மற்றது, சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தாங்காது. பாடநூல்கள் கழியூதாக் கதிர்கள் என்று கூறுவனவும் இவையே. இக்கதிர்கள் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குலைக்கின்றன. குலைந்த இடங்களில் மஞ்சள் நிறச் சேர்வைகள் உருவாகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் அவ்வேலைக்குத் துணைபோகின்றது.

இதனை அறிந்தே உற்பத்தியாளர் முகப்பின் மேல் மிக மெல்லிய கடினப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகின்றனர். கீறலையும் புறஊதாக் கதிரையும் தடுக்கும் கவசம் அது. ஆண்டுகள் செல்ல, வெயிலும் மணலும் மழையும் அக்கவசத்தைத் தின்றுவிடுகின்றன. அதன் பின்னரே மஞ்சள் ஏறுகின்றது. வந்தாறுமூலை பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகைக்கும் உட்பட்ட இடம். ஏப்ரலில் ஒருமுறையும், ஆகஸ்ட் முடிந்து செப்டெம்பர் பிறக்கும் வேளையில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். குளிர்நாடொன்றில் நெடுங்காலம் தாங்கும் கவசம் இங்கே விரைவில் தேய்வதில் வியப்பில்லை.

பற்பசை வைத்தியம்

மஞ்சளித்த விளக்குக்குப் பற்பசை தேய்த்தால் போதும் என்பது ஊரெங்கும் பரவிய வைத்தியம். அது முற்றும் பொய்யன்று. பற்பசையில் மிக நுண்ணிய தேய்பொருள் இருப்பதால், மேற்பரப்பின் மங்கல் சிறிது நீங்கி விளக்கு பளிச்சிடும். ஆனால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மஞ்சள் மீண்டுவிடும். காரணம் வெளிப்படை. தேய்ப்பதால் பழுதுற்ற தோல் மட்டுமன்றி, எஞ்சியிருந்த கவசமும் சேர்ந்தே போகின்றது. புதிய கவசம் எதுவும் இடப்படவில்லை. வெயிலுக்குத் திறந்துவிடப்பட்ட வெறும் பிளாஸ்ரிக் முன்னிலும் விரைவாகவே பழுதாகும்.

நாம் வற்புறுத்த விரும்புவது இதனையே: தேய்ப்பது பாதி வைத்தியம், மீண்டும் கவசமிடுவதே மறுபாதி. கவசமிட எண்ணமில்லாதவர் தேய்க்கத் தொடங்காதிருப்பதே மேல்.

முதலிற் சோதனை

வேலை தொடங்குமுன் விளக்கின் முகப்பிலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது மங்கல் குறைந்து தெளிவாகத் தோன்றினால், பழுது வெளிப்பரப்பில் உள்ளது; சீர்செய்யலாம். ஈரத்திலும் மங்கல் மாறாதிருப்பின் அது உட்புறத்ததாகவோ ஆழமான நுண்வெடிப்பாகவோ இருக்கக்கூடும். உள்ளே நீர்த்துளி கட்டியிருப்பின் விளக்குக் கூட்டின் அடைப்பு விட்டுப்போனது என்று பொருள். இவற்றுக்கு வெளியே தேய்ப்பதாற் பயனில்லை. தொழில் அறிந்தவரிடமே காட்டுக. கண்ணாடி முகப்புள்ள பழைய கார்களுக்கும் இம்முறை பொருந்தாது. அங்கே மங்கல் பெரும்பாலும் உள்ளிருக்கும் தெறிப்பியின் துருவால் வருவது.

செய்முறை

வேண்டிய பொருள்கள்: சவர்க்காரம், ஒரு வாளி நீர், சுத்தமான பருத்தித் துணிகள், வர்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடா, ஈரத்திற் தேய்க்கக்கூடிய அரத்தாள் 800, 1000, 1500, 2000, 3000 ஆகிய இலக்கங்களில் ஒவ்வொன்று, மெருகேற்றும் கொம்பவுண்ட், துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல், முன்விளக்குக்கென விற்கப்படும் புறஊதாத் தடுப்புப் பூச்சு. அரத்தாளின் இலக்கம் பெருகப் பெருக அதன் மணி நுண்ணியதாகும். ஹாட்வெயார் கடையிலும் வாகன உதிரிப்பாகக் கடையிலும் இவற்றைப் பெறலாம்.

முதலாவதாக, விளக்கைச் சவர்க்கார நீராற் கழுவி மணலை முற்றாகப் போக்குக. ஒரு மணல் அகப்பட்டுக்கொண்டாலும் அதுவே ஆழக் கீறிவிடும். பின்னர், விளக்கைச் சுற்றியுள்ள வண்டியின் வர்ணத்தை ஒட்டுநாடாவால் இரட்டையாக மூடுக.

இரண்டாவதாக, 800 இலக்க அரத்தாளை நீரில் நனைத்து, ஒரே சீரான அழுத்தத்துடன் இடம் வலமாகத் தேய்க்க. விளக்கையும் தாளையும் இடைவிடாது நனைத்துக்கொள்ளுதல் வேண்டும். முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். பழைய தோல் கழன்ற பின் வெண்மையாக மாறும். முகப்பு முழுவதும் ஒரே வெண்மையாகும்வரை இதனைச் செய்க. பழைய கவசம் திட்டுத் திட்டாக எஞ்சியிருக்க விடுதல் ஆகாது.

மூன்றாவதாக, 1000 இலக்கத் தாளால் மேல் கீழாகத் தேய்க்க. 1500 இலக்கத்தால் மீண்டும் இடம் வலமாக. இவ்வாறு திசையை மாற்றுவதால் முந்திய தாளின் கீறல்கள் எங்கே எஞ்சியுள்ளன என்பது கண்ணுக்குத் தெரியும். அவை மறைந்த பின்னரே அடுத்த தாளுக்குச் செல்க. 2000, 3000 ஆகியனவும் இவ்வாறே. இவ்வேளையில் விளக்கு முன்னிலும் மங்கலாக, அரைத்த கண்ணாடிபோலத் தோன்றும். புதிதாகச் செய்பவர் இங்கேதான் அஞ்சுவர். அஞ்சவேண்டியதில்லை, அம்மங்கல் ஒரே சீராக இருந்தால் வேலை சரியாகவே நடக்கின்றது.

நான்காவதாக, உலர்ந்த முகப்பிலே கொம்பவுண்டைத் துணியால் இட்டு வட்டமாகத் தேய்த்து மெருகேற்றுக. கை சலிக்கும், ஆயினும் தெளிவு பிறப்பது இக்கட்டத்திலேதான். துளைக்கும் இயந்திரத்திற் பஞ்சு வட்டைப் பொருத்திச் செய்வோர் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்காமற் செய்க. சூடேறினாற் பிளாஸ்ரிக் இளகிப் பழுதாகும்.

ஐந்தாவது கட்டமே கவசமிடுதல். கொம்பவுண்டின் எண்ணெய்ப் பசையை அற்ககோல் தோய்ந்த துணியாற் துடைத்து உலரவிடுக. பின்னர் நிழலில், தூசியும் காற்றும் இல்லாத இடத்தில், பூச்சைப் பெட்டியிற் கூறியவாறு ஒரே திசையில் மெல்லியதாகப் பூசுக. பூசிய இடத்தில் மீண்டும் மீண்டும் துணியை ஓட்டவேண்டாம். ஒரு நாள் முழுவதும் மழையும் நீரும் படாது காக்க. ஆகவே, கார்த்திகை, மார்கழி மழை நாட்களை விடுத்து, வானம் வெளித்த நாளைத் தெரிவுசெய்தல் நலம். தரமான பூச்சு ஓராண்டோ அதற்கு மேலோ தாங்கும். மங்கல் மீண்டும் தலைகாட்டுமுன் பூச்சைப் புதுப்பித்தால், அரத்தாளுக்கு வேலை இராது.

வர்ணம் பூசுவோர் கடினமாக்கி கலந்து விசிறும் இருகலப்புப் பூச்சு இன்னும் நெடுநாள் உழைக்கும். ஆனால், அதிலிருந்து எழும் ஐசோசயனேற்று எனும் பொருள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. தக்க முகமூடி இல்லாமல், பிள்ளைகள் நடமாடும் வீட்டு முற்றத்திலே அதனை விசிறுதல் கூடாது. அதனை வர்ணக் கராஜிலேயே செய்விக்க.

செய்யக்கூடாதவை

பெற்றோல், தின்னர், பிறேக் எண்ணெய் ஆகியவற்றாற் துடைப்பது பெரும் பிழை; பொலிகாபனேற்று அவற்றாற் நுண்வெடிப்புக் காணும். நுளம்பு விரட்டும் திரவத்தை விசிறினால் விளக்கு பளிச்சிடுவதுண்டு. அத்திரவங்களில் உள்ள டீட் எனும் பொருள் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பையே கரைப்பதால் வரும் பளபளப்பு அது. தெளிவு நில்லாது, கேடே நிற்கும்.

ஒளி போதவில்லையென்று கூடிய வாற்று மின்குமிழைப் பொருத்துவோரும் உளர். வழக்கமான எச்4 மின்குமிழ் 60, 55 வாற்று அளவுடையது. அதைவிடக் கூடியதை இட்டால் கம்பிகளும் கூடும் சூடேறும். மங்கிய முகப்பு அந்த அதிக ஒளியையும் எதிரே வருபவர் கண்ணுக்கே அனுப்பும். முகப்பைச் சீர்செய்யாமற் குமிழை மாற்றுவது, புகைபடிந்த சிமினியைத் துடைக்காமல் திரியைத் தூண்டுவதை ஒக்கும்.

வேலை முடிந்தபின்

அன்றிரவு சமதரையில், ஒரு சுவருக்கு முன்னே வண்டியை நிறுத்தித் தாழ்கற்றையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில், தெளிவான மேல்விளிம்புடன் விழுதல் வேண்டும். ஒன்று மேல்நோக்கியிருப்பின் அதனைச் சரிசெய்விக்க. தெளிந்த விளக்கு தவறான திசையைப் பார்ப்பின் எதிரிக்குத் துன்பம் கூடும்.

வண்டி நிற்கும் இடத்தையும் கவனிக்க. விளக்குகள் நிழலில் இருக்குமாறு ஒரு கிடுகுக் கொட்டிலில் நிறுத்தினாலும், அதுவும் இல்லையேல் மரநிழலில் நிறுத்தினாலும் கவசத்தின் ஆயுள் நீடிக்கும். தினமும் திறந்த வெளியில் ஒரே பக்கம் வெயில்படுமாறு நிறுத்தப்படும் வண்டியில் அந்தப் பக்கத்து விளக்கு முந்தி மஞ்சளிக்கக் காணலாம். மோட்டார் சைக்கிள்கள், முச்சக்கர வண்டிகள் பலவற்றுக்கும் பிளாஸ்ரிக் முகப்பே உள்ளதால், அவற்றையும் இடைக்கிடை பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இது இரண்டு மூன்று மணி நேர வேலை. தந்தை தேய்க்க, பிள்ளைகள் நீர் வார்க்க, தாளின் இலக்கங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடித்துவிடலாம். ஒரு விளக்கை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குமுன் இரண்டையும் அருகருகே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நூறு சொற்களாற் விளங்காதது அவ்வொரு பார்வையில் விளங்கும். வண்டி அழகாகத் தோன்றுவது இதனால் வரும் சிறு பயன். பெரும் பயன் அடைபவரோ, விளக்கில்லாத சைக்கிளிலே அந்த இருட்டில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும், நாம் பெயரும் அறியாத யாரோ ஒருவர்.